மரையும் மண்ணுரிமையும்

நுவரெலியா பற்றிய பழைய ஆங்கில நூல்களில் 'எல்க்' என்னும் விலங்கு அடிக்கடி வரும். நம்மவர் மரை என்று வழங்கும் பெருமானே அது. வேட்டை நாய்களையும் கத்தியையும் கொண்டு அதனை வேட்டையாடியமை பற்றிச் சாமுவேல் பேக்கர் 1850களில் நூலே எழுதினார். துரைமாருக்கு அன்று மலைநாடு வேட்டைக்களம். அக்காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்ட தொழிலாளிக்கோ நிலமும் இல்லை, துவக்கும் இல்லை.

1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்று மரையைக் காக்கின்றது. அது நன்றே. ஆயின், றொசல்ல முதலிய இடங்களில் லயத்தின் அருகே மரக்கறி பயிரிடும் குடும்பத்தைக் காப்பது யாது? காட்டுப்பன்றி ஓரிரவில் கிழங்குப் பாத்தியைக் கிண்டிவிட்டால் அக்குடும்பம் யாரிடம் முறையிடும்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. பயிரிட்டவன் கையில் உறுதி இல்லை.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலும் பெருமான்கள் பயிரை மேய்கின்றன. அங்கே நிலக்காரன் வேட்டைக்காரருக்குத் தன் நிலத்தைத் திறந்துவிட்டால், அழிவைத் தடுக்க அரசு உதவுகின்றது. திறப்பதும் அடைப்பதும் அவன் உரிமை. நம் தொழிலாளிக்குத் திறக்கவோ அடைக்கவோ படலை ஏது?

ஆதலின் சிலர் களவாகக் கம்பிச் சுருக்கு வைக்கின்றனர். அதனை நாம் ஒருபோதும் ஆதரியோம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாள்களில் மாண்டது. பன்றியையும் மரையையும் இரையாகக் கொள்வது சிறுத்தை. அது மடிந்தால் பயிருக்குப் பகையே பெருகும். எனினும், சுருக்கு வைத்தவனைத் தண்டிப்பதோடு கடமை முடிந்ததாகக் கருதலாகாது.

2025 மார்ச்சு 15ஆம் நாள் காலை 8 மணிக்கு, பயிரழிக்கும் குரங்கு, மயில் முதலியவற்றை நாடெங்கும் ஐந்து நிமிடம் எண்ணினர். இரவில் வரும் மரையையும் பன்றியையும் அவ்வாறு பகலில் எண்ண இயலாது. அழிந்த பாத்திகளை எண்ணுவதே தக்க வழி.

வேண்டுவன மூன்று: பயிரிடுவோனுக்குக் காணி உறுதி, காட்டோரத்தில் அரசும் கம்பனியும் சேர்ந்து அமைக்கும் வேலி, உறுதி கிடைக்கும்வரை, அஃது இல்லை என்று தட்டிக்கழியாது, நட்டவனுக்கே இழப்பீடு. நம் பழைய மாணவருள் சட்டத்தரணிகளும் நிருவாகிகளும் பலர் உளர். இம்மூன்றையும் மனுவாக வரைந்து உரியவர்முன் வைப்பது, அவர்கள் மலையகத்துக்கு ஆற்றத்தக்க சிறந்த விழாப் பணியாகும்.