‘நம்ம பையன்தான், விட்ருங்க’ன்னு போன் போடாதீங்க!

தோழர்களே, இது எதிர்க்கட்சிக்கு எழுதுற பதிவு இல்ல. நமக்கு நாமே சொல்லிக்க வேண்டியது.

மான் வேட்டையில நாலு பேர் மாட்டினா, ஊர்ல முதல்ல தேடுறது வக்கீலை இல்ல, கட்சிக்காரரை. "சின்னப் பசங்க, ஆசைக்கு அடிச்சிட்டாங்க, ரேஞ்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் நாம சொல்லக் கூடாது.

சட்டம் என்ன சொல்லுது? 1972-ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்போ, புள்ளிமான் ‘பெரிய வேட்டை விலங்கு’ பட்டியல்ல இருந்தது. உரிமம் வாங்கிச் சுடலாம். 1991 திருத்தம் அந்தக் கதவை மூடிருச்சு.

"அமெரிக்காவுல லைசென்ஸ் குடுக்குறாங்களே?"ன்னு கமென்ட்ல கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். அங்கே பல மாநிலங்கள்ல ஓநாயும் பூமாவும் அழிஞ்சு போச்சு. மானைக் குறைக்க மனுசன் துப்பாக்கி எடுக்குறான். நம்ம காட்டுல அந்த வேலையைப் பார்க்க புலி, சிறுத்தை, செந்நாய் இருக்கு. மானை நாம தின்னுட்டா, சிறுத்தை பசிக்கு எங்கே வரும்? ஊருக்குள்ள ஆட்டுப்பட்டிக்குத்தான்.

"பயிரை மேய்ஞ்சா விவசாயி என்ன பண்ணுவார்?" அவருக்கு இழப்பீடும் வேலியும் சீக்கிரம் கிடைக்கணும்னு நாமதான் குரல் கொடுக்கணும். பயிரை நாசம் பண்ற விலங்கு விஷயத்துல, அது எந்த அட்டவணையில இருக்குங்கிறதைப் பொறுத்து, தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துப்பூர்வமா உத்தரவு போட சட்டத்துலயே வழி இருக்கு. ராத்திரி ஹெட்லைட் கட்டிட்டுப் போறவன் விவசாயி இல்ல. அவன் வைக்கிற சுருக்குக் கம்பிக்கு மான் எது, சிறுத்தை எதுன்னு தெரியாது. அவுட்டுக்காயைக் கடிச்சு வாய் சிதைஞ்சு செத்த யானைகளை மறந்துடாதீங்க.

தண்டனையும் தெரிஞ்சுக்கோங்க. வல்லநாடு, கோடியக்கரை, கிண்டியில இருக்குற வெளிமான் முதல் அட்டவணை விலங்கு. அதை அடிச்சா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பணம் கட்டிச் சமரசமா முடிக்கவும் முடியாது. வீட்டுல மான் கறி பிடிபட்டா, அது சட்டவிரோதமா வந்தது இல்லன்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான்.

1998-ல ஜோத்பூர் பக்கம் நடந்த வெளிமான் வேட்டை வழக்கு ஞாபகம் இருக்கா? குற்றம் சாட்டப்பட்டவர் சல்மான் கான். பிஷ்னோய் கிராமத்து மக்கள் சாட்சி சொல்றதுல இருந்து பின்வாங்கல. 2018-ல 5 வருஷ தண்டனைத் தீர்ப்பு வந்தது. அவர் மேல்முறையீடு செஞ்சு ஜாமீன் வாங்கிட்டார், அது வேற விஷயம். ஆனா அவ்வளவு பெரிய ஸ்டாரை 20 வருஷம் கோர்ட்டுப் படி ஏற வச்சது சாதாரண கிராமத்து ஜனங்க.

நம்ம ஊர்ல என்ன நடக்குது? சுருக்கு வச்ச கூலிக்காரன் உள்ளே போறான். கறி கேட்டு காசு கொடுத்த பெரிய மனுசன் வெளியே நிக்கிறான். இடையில் அடிக்கிற அந்த சிபாரிசு போன் யாரைக் காப்பாத்துதுன்னு யோசிங்க. சமூகநீதி பேசுற நாம அந்த போனைப் போடலாமா?

மூணே விஷயம்: மான் கறி வாங்காதீங்க. வேட்டை ரீல்ஸுக்கு லைக் போடாதீங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க. பிடிபட்டவன் நம்ம கொடி கட்டின வண்டியில வந்தாலும், சட்டம் தன் வேலையைச் செய்யட்டும்.

#சிபாரிசு_இல்லை