ஏழடி ஆள் வந்தாச்சு... கப் வந்துடுமா?

செகண்ட் இயர் தொடக்கத்துல உங்க கிளாஸுக்கு லேட்டரல் என்ட்ரியில வந்து உட்கார்ந்த டிப்ளமோ பார்ட்டியை ஞாபகம் இருக்கா? வந்த முதல் நாளே, 'மச்சான், லேப்ல ஆள் புலியாம்டா'னு ஒரு பேச்சு கிளம்பும். ரெண்டாவது வாரம் ரெக்கார்டு நோட்டை எல்லாம் அவன் டேபிள்ல அடுக்கிடுவாங்க. மேத்ஸ் இன்டர்னல் மார்க் வந்ததும், 'ச்சே, இவனும் நம்மள மாதிரிதானா?'னு ஒரு சலிப்பு! பாவம், அவன் தன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான். பில்டப் முழுக்க நம்மளோடது.

இதே கூத்து அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல வருஷா வருஷம் நடக்குது பாஸ். என்ன, அங்கே லேட்டரல் என்ட்ரியில வர்ற ஆள் கொஞ்சம் உயரம். ஏழடி!

முதல்ல சிஸ்டத்தைச் சொல்லிடறேன். முன்னாடி எல்லாம் ஒரு பிளேயர் காலேஜ் மாறினா, புது காலேஜ்ல ஒரு வருஷம் பெஞ்ச்ல உட்கார்ந்து கை தட்டணும். 2018 அக்டோபர்ல 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்துச்சு. பேரைப் பதிவு பண்ணிட்டா, எந்தக் கோச்சும் கூப்பிடலாம். 2021-ல் ஒரு தடவை மட்டும் பெஞ்ச் தண்டனை இல்லாம மாறிக்கலாம்னு விட்டாங்க. 2024-ல் படிப்பு ஒழுங்கா இருந்தா எத்தனை தடவை வேணும்னாலும் மாறுன்னுட்டாங்க. நடுவுல 2021 ஜூலையில இருந்து பிளேயர்கள் தங்களோட பேரையும் முகத்தையும் வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம். 2025-ல் ஒரு வழக்கு முடிஞ்சு, காலேஜே நேரடியா காசு கொடுக்கிற நிலைமைக்கு வந்தாச்சு. மொத்தத்துல, சீசன் முடிஞ்ச மறுநாளே சந்தை களைகட்டிடும். அதுல கிராக்கியான சரக்கு, நல்லா ஆடத் தெரிஞ்ச சென்டர்.

ஏன் சென்டர்? உயரம் கோச்சிங் கொடுத்து வர்றதில்லை. வளையம் தரையிலிருந்து 10 அடி. ஏழடி ஆள் கையைத் தூக்கினாலே பாதி வேலை முடிஞ்சுது. ஸ்கூல்ல இருந்து நேரா வர்ற 18 வயசுப் பையன் உயரமா இருப்பான், ஆனா கீழே இடிச்சுத் தள்ளுற போர்ல 22 வயசு ஆளுங்க அவனைப் பொம்மை மாதிரி நகர்த்திடுவாங்க. வேற காலேஜ்ல மூணு வருஷம் அடி வாங்கிப் பழகின ரெடிமேட் சென்டர் கிடைச்சா விடுவாங்களா?

கென்டக்கி கதையைக் கேளுங்க. எட்டு முறை சாம்பியனான காலேஜ். 2020-21 சீசன்ல 9 ஜெயம், 16 தோல்வி. ஊரே துக்கம் அனுசரிச்ச அந்த நேரத்துல, வெஸ்ட் வர்ஜீனியாவுல இருந்து வந்து சேர்ந்தார் ஆஸ்கர் ஷிப்வே. காங்கோ நாட்டுல லுபும்பாஷிக்காரர். உயரம் 6 அடி 9 அங்குலம்தான். ஆனா, பந்து வளையத்துல பட்டுத் திரும்பினா, அது அவர் வீட்டுச் சொத்து! 2021-22 சீசன்ல ஆட்டத்துக்குச் சராசரியா 17.4 பாயின்ட், 15.1 ரீபவுண்ட். அந்த அளவு ரீபவுண்ட் சராசரியை 40 வருஷமா யாரும் தொட்டதில்லை. நாட்டின் சிறந்த வீரர் விருதை எல்லாம் அள்ளிக்கிட்டு வந்தார்.

அப்புறம் மார்ச் மாசம் வந்துச்சு. 68 டீம், ஒரு தடவை தோத்தா மூட்டையைக் கட்டணும்கிற அந்த நாக்-அவுட். 2022 மார்ச் 17, முதல் ரவுண்டு. எதிரே செயின்ட் பீட்டர்ஸ்னு நியூஜெர்ஸியில ஒரு குட்டி காலேஜ். தரவரிசையில அவங்க 15, கென்டக்கி 2. ஷிப்வே 30 பாயின்ட், 16 ரீபவுண்ட் எடுத்தார். எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் போய் 85-79-னு கென்டக்கி அவுட்! அடுத்த வருஷமும் அதே கதை. 2023-ல் கன்சாஸ் ஸ்டேட்டோட ரெண்டாவது ரவுண்டுல 25 பாயின்ட், 18 ரீபவுண்ட்... டீம் தோல்வி.

இதுக்கு மேல அந்த மனுஷன் என்னங்க பண்ணணும்?

இங்கேதான் விஷயமே இருக்கு. பாஸ்கெட்பால்ல சென்டரோட பொழைப்பு கொஞ்சம் பரிதாபமானது. கார்டு ஆடறவன் பந்தைத் தானே தட்டிக்கிட்டு வந்து, தானே முடிவு பண்ணி, தானே போடலாம். சென்டருக்கு யாராவது பந்து கொடுத்தாத்தான் உண்டு. சரியான நேரத்துல, சரியான உயரத்துல கொடுக்கணும். சுத்தி நிக்கிற நாலு பேரும் மூணு பாயின்ட் ஷாட் போடத் தெரிஞ்சவங்களா இருக்கணும். இல்லைன்னா எதிர் டீம் மூணு பேரை அனுப்பி அவரை அமுக்கிடும். ரீபவுண்ட் மட்டும்தான் யார் தயவும் இல்லாம தானா எடுக்கிற விஷயம். அதனாலதான் டிரான்ஸ்ஃபர் சென்டர்கிட்ட முதல் நாளே எதிர்பார்க்கலாம்னா, அது ரீபவுண்ட். மத்ததெல்லாம் பக்கத்துல நிக்கிறவன் கையில.

டிஃபன்ஸ்ல இன்னொரு வில்லங்கம். எதிர் டீம் வேணும்னே நம்ம சென்டர் காக்கிற ஆளை வெளியே கூப்பிட்டு, ஸ்க்ரீன் போட வைக்கும். அவங்க கார்டு பந்தோட சர்ர்ருனு வருவான். ஏழடி ஆள் முன்னாடி ஏறி வந்தா, அவன் சைடுல புகுந்து போயிடுவான். பின்னாடியே நின்னா, அவன் அங்கே இருந்தே ஷாட் போடுவான். 40 நிமிஷமும் இதே இம்சை. உயரம் எல்லாருக்கும் தெரியும். கால் வேகம் ஹைலைட்ஸ் வீடியோவுல தெரியாது.

ஹன்ட்டர் டிக்கின்சனுக்கு நடந்தது இதுதான்னு என் கட்சி. ஏழடிக்கு மேல ரெண்டு அங்குலம். மிச்சிகன்ல மூணு வருஷம் கலக்கிட்டு, 2023-ல் கன்சாஸ் வந்தார். அந்த வருஷ போர்ட்டல்லயே பெரிய பேர் அவர்தான். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே கன்சாஸுக்கு நம்பர் 1 ரேங்க் கொடுத்துட்டாங்க. அவர் சும்மா இல்லை. சராசரி 17.9 பாயின்ட், 10.9 ரீபவுண்ட். ஆனா, டீம்ல வெளியே இருந்து நம்பிப் போடுற ஆள் கம்மி. சீசன் கடைசியில அவருக்குத் தோள்பட்டை இடம் பெயர்ந்துச்சு. கெவின் மெக்கல்லர்ங்கிற இன்னொரு முக்கியமான ஆள் காயத்தால நாக்-அவுட்டுக்கே வரலை. ரெண்டாவது ரவுண்டுல கன்சாகாகிட்ட 89-68. அடியோ அடி!

அடுத்த வருஷம் பாடம் கத்துக்கிட்டாங்களான்னா, ம்ஹூம். 2024-25-க்கும் ஆரம்பத்துல கன்சாஸ்தான் நம்பர் 1. சீசன் முடிவுல 21 ஜெயம், 13 தோல்வி. 2025 மார்ச்ல முதல் ரவுண்டுலயே அர்கன்சாஸ்கிட்ட 79-72-னு காலி. அந்த மேட்ச்ல எதிர்ப்பக்கம் 22 பாயின்ட் எடுத்தது யாருங்கிறீங்க? ஜோனாஸ் அய்டூ. அவரும் டிரான்ஸ்ஃபர் சென்டர்தான், டென்னஸி காலேஜ்ல இருந்து வந்தவர். சீசன் முழுக்கக் காயத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்ததால, யாரும் அவர்மேல பெரிசா எதையும் ஏத்தி வைக்கலை. அர்கன்சாஸ் கோச்? ஷிப்வேயை கென்டக்கியில ஆட வெச்ச அதே ஜான் காலிபாரி!

டிக்கின்சன் ஓவர் ரேட்டட்னு திட்டித் தீர்த்தாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அவர் மிச்சிகன்ல என்ன பண்ணினாரோ, அதையேதான் கன்சாஸ்லயும் பண்ணினார். ஒரு ஆள் வந்தா ஒரு டீமே வந்த மாதிரின்னு கணக்குப் போட்டவங்கதான் தப்பு.

ஷிப்வே விஷயத்துல இன்னொரு கூத்து இருக்கு. ஜி.ஆர்.ஈ. புத்தகத்தைத் தலையணையா வெச்சுத் தூங்குற சீனியர்கள் கவனிக்கணும்! கூட ஆடற பசங்க எல்லாம் விளம்பரத்துல சம்பாதிக்கிறப்ப, நாட்டின் நம்பர் 1 பிளேயர் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். காரணம், அவர் கையில இருந்தது ஸ்டூடன்ட் விசா. நம்ம அண்ணன்மார் எம்.எஸ். படிக்கப் போறாங்களே, அதே எஃப்-1. அமெரிக்க மண்ணுல வெளி வேலை செஞ்சு சம்பாதிச்சா விசாவுக்கு ஆபத்து. 2022 ஆகஸ்ட்ல டீம் பஹாமாஸ் தீவுக்கு ஆடப் போச்சு. அமெரிக்காவைத் தாண்டியாச்சு இல்லையா? ஷிப்வே அங்கே வெச்சு விளம்பர வேலைகளை எல்லாம் முடிச்சார். பிளைட் ஏறிப் போய்ப் பார்ட் டைம் ஜாப்!

எதிர்பார்ப்பு பலிச்ச கதையும் உண்டு. ஜோனி புரூம். மோர்ஹெட் ஸ்டேட்னு ஒரு சின்ன காலேஜ்ல இருந்து 2022-ல் ஆபர்ன் வந்தார். வந்த வருஷமே யாரும் கப் கேட்கலை. முதல் சீசன்ல சராசரி 14 பாயின்ட். கோச் புரூஸ் பெர்ல், அவரைச் சுத்திப் பொருத்தமான ஆட்களை ஒவ்வொருத்தரா சேர்த்தார். மூணாவது வருஷம், 2024-25-ல் புரூமுக்கு 18.6 பாயின்ட், 10.8 ரீபவுண்ட். பந்தை வாங்கி மத்தவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கவும் கத்துக்கிட்டிருந்தார். ஆபர்ன் ஃபைனல் ஃபோர் போச்சு. காலேஜ் சரித்திரத்துலயே ரெண்டாவது தடவை. அதுக்கு முந்தைய மிச்சிகன் ஸ்டேட் மேட்ச்ல கீழே விழுந்து, முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போனவர், கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து மூணு பாயின்ட் ஷாட் ஒண்ணு போட்டார் பாருங்க... கெத்து! அரையிறுதியில ஃப்ளோரிடாகிட்ட 79-73-னு தோத்தாங்க. அந்த வருஷம் கப் அடிச்சதும் ஃப்ளோரிடாதான்.

இன்னைக்கு புரூம் மாதிரி மூணு வருஷம் காத்திருக்க எந்தக் காலேஜுக்கும் பொறுமை இல்லை. கோடிக்கணக்குல கொட்டிக் கொடுத்தவன் நவம்பர்லயே ரிசல்ட் கேட்கிறான். பையனுக்கும் அடுத்த ஏப்ரல்ல போர்ட்டல் கதவு திறந்தே இருக்கு.

சரி, என்.பி.ஏ.? புரூமை 2025 டிராஃப்ட்ல 35-வது ஆளா பிலடெல்ஃபியா எடுத்துச்சு. ஷிப்வே பேரை 2023-லயும், டிக்கின்சன் பேரை 2025-லயும் யாரும் கூப்பிடலை. ரெண்டு பேரும் பின்வாசல் வழியா, பாதி நாள் மெயின் டீம், பாதி நாள் ஜூனியர் லீக்னு ஓடற ஒப்பந்தத்துல உள்ளே நுழைஞ்சாங்க.

அடுத்த சீசன்ல, 'ஏழடி ஆள் வந்துட்டாரு, கப் நமக்குத்தான்'னு யாராவது ஹாஸ்டல்ல அலம்பல் பண்ணினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'பந்து கொடுக்கப் போறது யாரு மச்சி?'