பந்து பன்னிரண்டு, வாய்ப்பு எத்தனை?

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ‘போக்கிமோன் கோ’ சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அறிமுகமானது. சில நாள்களுக்குள் ஹவ்காங் புளோக் 401ஐச் சுற்றி நள்ளிரவிலும் கூட்டம் கூடியதை நாளிதழ்கள் படத்துடன் வெளியிட்டன. அந்தப் பரபரப்பு அடங்கிவிட்டது. விளையாட்டு அடங்கவில்லை. விரிவுரைக்கும் பயிற்சி வகுப்புக்கும் இடைப்பட்ட நேரத்தில் கைத்தொலைபேசித் திரையில் பந்தை உருட்டிக்கொண்டிருக்கும் விரல்களை நம் வளாகங்களில் இன்றும் காணலாம்.

அவர்களிடையே நடக்கும் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? “எனக்கு ராசியில்லாத கை.” “பதினொரு பந்து போய்விட்டது, பன்னிரண்டாவதில் மாட்டியே தீரும்.” “பந்து ஆடும்போது திரையைத் தட்டிக்கொண்டே இரு, தப்பிக்காது.” இப்படிப் பேசுபவர்கள் யார்? பொறியியலும் புள்ளியியலும் கணக்கியலும் படிக்கும் நம் மாணவர்கள்தாம். தேர்வுத்தாளில் நிகழ்தகவுக் கணக்கைத் தயங்காமல் போடும் அதே கை, விளையாட்டில் மட்டும் ராசி பார்க்கிறது. இந்த முரண்பாடுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

இது இன்று தோன்றிய மூடநம்பிக்கையும் அன்று. 1996இல் ஜப்பானில் ‘கேம் பாய்’ கருவிக்காக முதல் போக்கிமோன் விளையாட்டு வெளிவந்தது. பந்து உருளும்போது பொத்தானை அழுத்திப் பிடித்தால் உயிர் தப்பாது என்று அக்காலத்துச் சிறுவர்கள் உலகெங்கும் நம்பினார்கள். பொத்தானுக்கும் பிடிபடுவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த விளையாட்டில் ஒவ்வோர் உயிருக்கும் 3 முதல் 255 வரை ஒரு பிடிபடும் எண் உண்டு. எளிதில் சிக்கும் சிறு பறவையான பிட்ஜிக்கு 255, யாருக்கும் அடங்காத மியூடூவுக்கு 3. முடிவைத் தீர்மானித்தவை இத்தகைய எண்கள்தாம்.

கைத்தொலைபேசி விளையாட்டிலும் கதை இதுவே. ஒவ்வோர் உயிருக்கும் ஓர் அடிப்படை எண் உண்டு. உயிரின் நிலை உயர உயர அந்த வாய்ப்பு குறையும். ரெய்டில் நாம் சந்திக்கும் பல லெஜண்டரி உயிர்களுக்கு அடிப்படை எண் 2 விழுக்காடு. நிலைக்கேற்பச் சரிசெய்த பின், எந்த உதவியும் இல்லாமல் நேராக எறியும் ஒரு பந்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.7 விழுக்காடு. அறுபது பந்து எறிந்தால் ஒன்று சிக்கலாம் என்ற அளவு.

ஆனால் எறிபவரின் கையில் நான்கு கருவிகள் இருக்கின்றன. பந்தைச் சுழற்றி எறிந்தால் 1.7 மடங்கு. கோல்டன் ரேஸ் பெர்ரியைக் கொடுத்தால் 2.5 மடங்கு. வட்டம் சிறுத்திருக்கும்போது அதனுள் எறிந்து ‘எக்சலண்ட்’ வாங்கினால் 1.7 முதல் 2 மடங்கு வரை. அந்த வகை உயிர்களை நிறையப் பிடித்துத் தங்கப் பதக்கம் பெற்றிருந்தால் 1.3 மடங்கு. இவை ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. எக்சலண்டுக்கு 1.85 என்று வைத்துக்கொண்டு நான்கையும் பெருக்கிப் பாருங்கள். பத்துக்குச் சற்று மேல் வரும்.

இந்தப் பத்து என்ன செய்கிறது? தப்பிக்கும் வாய்ப்பின் மீது அடுக்காக ஏறி உட்கார்கிறது. எளிமையாகச் சொன்னால், இப்படிக் கவனமாக எறியும் ஒரு பந்து, கவனமில்லாமல் எறியும் பத்துப் பந்துகளுக்குச் சமம். 1.7 விழுக்காடாக இருந்த வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடாகிறது.

இப்போது ரெய்டு முடிந்து கையில் பன்னிரண்டு பந்துகள் இருப்பதாகக் கொள்வோம். வெறுமனே எறிபவர் அந்த உயிரைப் பிடிக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு. பெர்ரி கொடுத்துச் சுழற்றி மட்டும் எறிபவருக்கு 58 விழுக்காடு. நான்கையும் பயன்படுத்துபவருக்கு 87 விழுக்காடு. ஒரே உயிர், ஒரே எண்ணிக்கைப் பந்துகள், ஒரே நாள். இவர்களுள் முதலாமவர் தம்மை ராசியில்லாதவர் என்றும் மூன்றாமவரை அதிர்ஷ்டக்காரர் என்றும் சொல்லிக்கொண்டால் நாம் ஒப்புக்கொள்ள முடியுமா?

மற்றொரு பக்கமும் உண்டு. 87 விழுக்காடு என்பது நூறு அன்று. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களிலும் எட்டுப் பேரில் ஒருவர் வெறுங்கையோடு திரும்புவார். அது அவருடைய குற்றமும் அன்று, விளையாட்டு அவரைக் குறிவைத்து ஏமாற்றுவதற்குச் சான்றும் அன்று. அதேபோல், பதினொரு பந்துகள் வீணானபின் பன்னிரண்டாவதற்குச் சிறப்புச் சலுகை எதுவும் கிடையாது. அதற்கும் அதே 16 விழுக்காடுதான். முன்னே போன பந்துகளைப் பின்னே வரும் பந்து அறியாது.

அரிய நிறத்தில் வரும் ‘ஷைனி’ உயிர்களைத் தேடுவோர் இதைக் கட்டாயம் மனத்தில் இருத்த வேண்டும். லெஜண்டரி ரெய்டுகளில் இருபதுக்கு ஒன்று ஷைனியாக வருவதாக விளையாட்டாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். உடனே, “இருபது ரெய்டு போனால் ஒன்று உறுதி” என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இருபது ரெய்டுக்குப் பிறகும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 36 விழுக்காடு. அறுபது ரெய்டு போன நூறு பேரை நிறுத்தினால், அவர்களுள் நான்கைந்து பேரிடம் ஒன்றுமே இருக்காது. “இவ்வளவு செலவழித்துவிட்டேன், இனி நிறுத்தினால் நட்டம்” என்று அடுத்த அனுமதிச்சீட்டை வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்த நான்கைந்து பேர்தாம். அவர்களுக்காகத்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

ஏனெனில் இங்கே பணம் புழங்குகிறது. வீட்டிலிருந்தபடியே ரெய்டில் கலந்துகொள்ளும் அனுமதிச்சீட்டு 2020இல், கொள்ளைநோய்க் காலத்தில், 100 நாணயத்துக்கு வந்தது. 2023 ஏப்ரலில் அதன் விலை 195 நாணயமாக ஏறியது. 2025இல் நியான்டிக் நிறுவனம் தன் விளையாட்டுப் பிரிவை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு விற்றபோது பேசப்பட்ட தொகை 350 கோடி அமெரிக்க டாலர். நம் இளையர்கள் கட்டும் சில வெள்ளிகளும் அந்தப் பெருந்தொகையின் பின்னால் இருக்கின்றன.

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில், எறிபவருக்குக் காட்டப்படுவது என்ன? ஒரு நிறம். பச்சையென்றால் எளிது, சிவப்பென்றால் கடினம், அவ்வளவுதான். மேலே சொன்ன எண்களை விளையாட்டின் திரையில் நான் எங்கும் கண்டதில்லை. ‘தி சில்ஃப் ரோடு’ போன்ற அமைப்புகளின் தன்னார்வலர்கள் எண்ணற்ற எறிதல்களைப் பதிவுசெய்து கணக்கிட்டு வெளியிட்டதால்தான் இவை நமக்குத் தெரியும். அந்த அமைப்பும் 2023இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது.

நம் ஊரில் நான்கு இலக்க லாட்டரியைக் குறைகூறாத பெரியவர்கள் குறைவு. அதில்கூட ஒளிவு மறைவு இல்லை. பத்தாயிரம் எண்களில் 23க்குப் பரிசு. சிங்கப்பூரில் ‘பிக்’ முறையில் ஒரு வெள்ளி கட்டினால், பரிசுப் பட்டியலை வைத்துக் கணக்கிடும்போது, சராசரியாகத் திரும்புவது 66 காசு. விரும்பியவர் கட்டலாம், விரும்பாதவர் விலகலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் விளையாடும் ஒரு விளையாட்டில் அந்த அளவு வெளிப்படைத்தன்மையாவது வேண்டாமா?

இது நடக்காத காரியமும் அன்று. 2012இல் ஜப்பான், ‘கம்ப்ளீட் காச்சா’ என்னும் சீட்டுச் சேர்க்கும் முறையைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. 2017 மே மாதம் முதல் சீனா, விலைக்கு விற்கும் குருட்டுப் பெட்டிகளின் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமும் தன் செயலிக்கடையில் அத்தகைய விதியைக் கொண்டுவந்தது. பெட்டிக்குப் பொருந்தும் நியாயம் பந்துக்குப் பொருந்தாதா? பெட்டியை நேராக விற்காமல், சீட்டை விற்று, போரிட வைத்து, பிறகு பந்தைக் கொடுத்தால் வாய்ப்பு விகிதத்தைச் சொல்ல வேண்டாம் என்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

“எண் தெரிந்தால் விளையாட்டின் சுவை போய்விடும்” என்பார்கள் சிலர். நம் பாட்டிமார்கள் தாயம் விளையாடினார்கள். கட்டையின் நான்கு பக்கமும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். இரண்டு கட்டைகளையும் உருட்டினால் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. அது தெரிந்ததால் யாருடைய ஆர்வமாவது குறைந்ததா? தாயம் விழுந்தபோது கூச்சல்தான் குறைந்ததா?

விளையாட வேண்டாம் என்று யாரையும் தடுப்பது என் நோக்கமன்று. நடக்க வைத்து, நண்பர்களைச் சேர்த்து வைக்கும் நல்ல பொழுதுபோக்கு இது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர். அடுத்த சீட்டை வாங்குமுன் இரண்டு நிமிடம் ஒதுக்கி அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் துணைப்பாடம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நிகழ்தகவைச் சொல்லிக்கொடுக்கும்போது, பையிலிருந்து எடுக்கும் வண்ணக் கோலிகளுக்குப் பதிலாக இந்தப் பன்னிரண்டு பந்துகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள். அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஏனென்றால் அவர்களும் நேற்றிரவு பதினொரு பந்துகளை எறிந்துவிட்டு, பன்னிரண்டாவதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தாம்.