கைக்கும் ஓய்வு வேண்டும்

சென்ற கோடை விடுமுறையில் தோழியர் நால்வர் சேர்ந்து சைக்கிள் பழகினோம். மூன்று நாள் மாலையும் விழுந்து எழுந்ததே மிச்சம். முழங்காலில் சிராய்ப்பு, வீட்டிலே வசவு! "உனக்கெல்லாம் இது வராது, விட்டுவிடு" என்று ஒருத்தியின் வீட்டில் சைக்கிளைப் பூட்டியே வைத்துவிட்டார்கள். மறுநாள் ஞாயிறு. மற்ற மூவரும் பூசைக்குப் போனோம், உண்டோம், நன்றாக உறங்கினோம். சைக்கிளைத் தொடவில்லை. திங்கட்கிழமை காலையில் ஏறினோம். என்ன விந்தை! சைக்கிள் நேராக ஓடிற்று. பின்னால் பிடித்து வந்த அண்ணன் கையை எடுத்துவிட்டது கூட எங்களுக்குத் தெரியவில்லை.

தொடாத நாளில் கற்றுக்கொண்டது எப்படி? இதை அறிவியலாரும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், சிலரை விரல்களால் ஒரே வரிசையில் விசைகளைத் தட்டிப் பழகச் செய்தார்கள். ஓர் இரவு உறங்கி எழுந்தவர்களின் வேகம், மேலும் பழகாமலே ஏறக்குறைய 20 விழுக்காடு கூடியிருந்தது. அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை. பகலில் கை செய்ததை மூளை இரவில் ஒழுங்குபடுத்தி வைக்கிறது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இதை எங்கள் தாய்மார் ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிவார்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாள்முதல், சிவகாசி வட்டாரம் கைத்திறனால் வாழ்கிறது. "கட்டை அடுக்கப் போன புதிதில் விரல் சொன்னபடி கேட்காது. ஒருநாள் காலையில் தானாக வந்துவிடும்" என்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போன அம்மா ஒருவர் சொன்னார். ஆனால் அவர் பழகியபோது அவருக்கு வயது பத்து! விடியுமுன் வண்டி வந்துவிடுமாம். அக்கைகளுக்குப் பள்ளியும் இல்லை, போதிய உறக்கமும் இல்லை. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பதினான்கு வயது நிரம்பாதோரை அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அன்று அவருக்குக் கிடைக்காத ஓய்வு இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை நாமே வீணாக்கலாமா?

தேர்வுக்கு முன் இரவெல்லாம் விழித்திருப்பதும், "ஒருநாளில் வரவில்லையே" என்று தட்டச்சையும் தையலையும் கைவிடுவதும் அறியாமையே. வெடிமருந்து புழங்கும் நம் ஊரில் தூக்கம் கெட்ட கை எத்தனை ஆபத்தானது என்பதைப் பெரியோருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அவர்களும் முதல்நாள் விழுந்தவர்கள்தாம். விழுந்த அன்றே "வராது" என்று நிறுத்தியிருந்தால், தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் கொண்டுவரும் விடுதலை அவர்களுக்கு ஏது?

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பார்கள். மெய்தான். ஆனால் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவே கையை எடுத்துத்தானே ஆகவேண்டும்!

ஆகவே தோழியரே, நாள்தோறும் சிறிது நேரம் பழகுவோம், வேளைக்கு உறங்குவோம், மறுநாளும் முயல்வோம். அன்புள்ள சிஸ்டர்களே, விளையாட்டு வகுப்பை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று பணிவுடன் வேண்டுகிறோம். பெற்றோரே, மூன்று நாளில் ஒரு பெண்ணை எடைபோட்டுவிடாதீர்கள். எங்கள் நான்காவது தோழியின் சைக்கிள் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. சாவி உங்களிடம் இருக்கிறது.