'நாம்' என்னும் சொல்லுக்கு உரியவர் யார்?

தலைமை யாது என்னும் வினா மிகப் பழையது. அறநூலாரும் அரசியல் நூலாரும் அதனைப் பலபட ஆராய்ந்து சென்றுள்ளனர். ஆயினும் இற்றைநாளில் அவ்வினா புதியதொரு கோலம் பூண்டு நம்முன் வந்து நிற்கின்றது. 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி என்னும் உரையாடற் கருவி உலகின் பார்வைக்கு விடப்பட்டது. அதன் பின்னர்ச் செயற்கை நுண்ணறிவு என்னும் தொடர் அறிஞர் அவையினின்றும் இறங்கி, லிந்துலைத் தேநீர்க் கடை வரைக்கும் நடந்து வந்துவிட்டது. மேடைப் பேச்சு வேண்டுமா, கோரிக்கை மனு வேண்டுமா, இரங்கலுரை வேண்டுமா, கைப்பேசியைக் கேட்டாற் போதும். கண்ணிமைக்கும் பொழுதிலே தமிழில் எழுதி நீட்டுகின்றது. தலைவர் என்போர் ஆற்றும் பணிகளுட் பெரும்பகுதி சொல்லாற் செய்யும் பணியே. அச்சொல்லை இயந்திரமே ஈயுமாயின், தலைவர்க்கு எஞ்சிய வேலை யாது? மலையக மக்கள் இதனை ஆர அமர எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

யான் தமிழ் கற்பிப்பவன். ஆதலின் இலக்கணத்திலிருந்தே தொடங்குகின்றேன். நம் மொழியில் தன்மைப் பன்மைக்கு இருவகைச் சொற்கள் உள. கேட்போரை விலக்கிப் பேசுங்கால் 'நாங்கள்' என்கின்றோம்; கேட்போரையும் உடன்சேர்த்துப் பேசுங்கால் 'நாம்' என்கின்றோம். இவ்வாறு உடன்சேர்த்துக் கூறுதலை உளப்பாடு என்பர் இலக்கண நூலார். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. நம் அயன்மொழியாகிய சிங்களத்திலும் 'அபி' என்னும் ஒரு சொல்லே இரண்டிற்கும் பயன்படுகின்றது. தமிழனோ வாய் திறக்கும்போதே, எதிரில் நிற்பவனைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறானா, விலக்கி நிறுத்துகிறானா என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தலைமையின் முழு இலக்கணமும் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது என்பது என் துணிபு. 'நாம்' என்று சொல்லும் உரிமையை மக்களிடமிருந்து பெற்றவனே தலைவன்.

இம்மலைநாட்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத்துரைமார் தமிழ் பழகுதற்பொருட்டு ஏ. எம். பெர்கூசன் என்பார் ஒரு கையேடு இயற்றினார். அதன் பெயர் 'இங்கே வா' என்பது. தமிழிற் கற்கத்தக்க எத்தனையோ இனிய சொற்கள் இருக்க, சின்னத்துரை முதற்கண் அறியவேண்டிய தமிழாக ஓர் ஏவல் வினைமுற்றே முகப்பில் நின்றது. மொழியறிவு இருந்தது, உறவு இல்லை. ஒருவருடைய மொழியைப் பேசுதல் வேறு, அவரோடு பேசுதல் வேறு என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்தில் 'துண்டு' என்றொரு வழக்கமும் இருந்தது. இத்தொழிலாளியின் கடன் இத்துணை ரூபாய். அதனைச் செலுத்துவோர் இவனை அழைத்துச் செல்லலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. ஒரு மனிதனின் பெயரும் ஊரும் உற்றாரும் மறைந்து, கடன் தொகை ஒன்றே அவனாகி நின்றது. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. கங்காணி என்னும் சொல்லையும் நோக்குக. கண்காணிப்பவன் கங்காணி. ஊரிலிருந்து ஆட்களை அழைத்து வந்தவனும் அவனே. அவர்க்கு முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவனும் அவனே. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்று பேசியவனும் அவனே. உறவுமுறை சொல்லி அழைத்தான். ஆயினும் அவன் வருவாய் அவ்வுறவையே முதலாகக் கொண்டது. அவன் 'நாம்' என்றபோது அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பதைப் பிரட்டுக்களத்தில் நின்றவர்களே அறிவர்.

இவற்றையெல்லாம் ஈண்டு நினைவூட்டுதற்குக் காரணம் உண்டு. ஆளை எண்ணாக்குதலும், ஏவலை மட்டும் மொழியாக்குதலும், இடைவிடாது கண்காணித்தலும் இற்றைநாளில் இயந்திரத்தின் வழியாக எளிதாகிவிட்டன. மலையகத்தினின்றும் கொழும்பு சென்று, வீடுவீடாக உணவு கொண்டுசேர்க்கும் இளைஞரைக் கேட்டுப் பாருங்கள். எங்குச் செல்க, எத்துணை நேரத்திற் செல்க என்று பணிப்பது கைப்பேசிச் செயலி. அவர்தம் உழைப்பை அளந்து மதிப்பெண் இடுவதும் அதுவே. கங்காணியிடமாயினும் முகம் பார்த்து வாதாடலாம். செயலியிடம் 'நேற்று மழை ஐயா' என்று யார் சொல்வது?

இனி, மெய்யான தலைமைக்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. தஞ்சையிலிருந்து வந்த கோதண்டராம நடேசய்யர் தோட்ட மக்களின் நிலையை அறிய விரும்பிய காலத்தில், அயலார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறலெனத் தடுக்கப்பட்டிருந்தது. அவர் புடவை வணிகராக வேடம் புனைந்து லயங்களுக்குள் புகுந்தார் என்று அவர் வரலாறு கூறும். படித்தவர்; பத்திரிகையாளர்; கொழும்பில் அமர்ந்து அறிக்கைகளைப் படித்தே கட்டுரை எழுதியிருக்கக் கூடியவர். ஆயினும் தலையில் மூட்டை சுமந்து மலையேறுதலே செய்தியறியும் நெறியென அவர் கொண்டார். பின்னர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய ஏடுகளில் அவர் எழுதிய எழுத்துக்கு வலிமை வந்தது அந்நடையினால் என்க. 1931 ஆம் ஆண்டில் அட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் அமைத்தார். 1936 ஆம் ஆண்டில் அட்டன் தொகுதியினின்றும் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார், எழுத்தறியா மக்களுக்கும் செய்தி எட்டும்பொருட்டுப் பாட்டியற்றி, கூட்டங்களிலே தாமே நின்று பாடினார். செய்தியைப் பாட்டாக்குதல் இன்று இயந்திரத்தாலும் இயலும். துரைமாரின் சினத்துக்கு அஞ்சாது வீதியில் நின்று பாடுதல் இயலுமோ?

எம் தலவாக்கலைத் தொகுதியினின்றும் 1947 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்களையும் நினைதல் தகும். கவிஞராகிய அவர், தோட்ட மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களைத் தேடிக் கேட்டுத் தொகுத்தார். மக்களுக்குத் தாம் உரைப்பதோடு அமையாது, மக்கள் உரைப்பதைச் செவிதாழ்த்திக் கேட்டலும் தலைவர்க்குரிய கடன் எனக் கண்டவர் அவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத்தாரின் வாக்குரிமையைப் பறித்தன. வாக்கு இல்லாத மக்களிடம் வாக்குக் கேட்டுப் போவார் இலர். அந்நாளிலும் அவர்தம் பாட்டைக் கேட்கச் சென்றவரை மக்கள் தம்மவர் என்று கொண்டதில் வியப்பென்ன?

நிற்க. தமிழகத்திலே அண்மையில் நிகழ்ந்த ஒன்று சிந்தனைக்கு உரியது. கலைஞர் மு. கருணாநிதி 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார். 2024 ஆம் ஆண்டு ஜனவரியில், அவர்தம் நண்பர் டி. ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில், செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட அவருருவம் திரையில் தோன்றி, அவர் குரலிலேயே வாழ்த்துரை வழங்கியது. மகனாரின் ஆட்சியையும் பாராட்டியது. அடுத்த மாதத்தில் மறைந்த ஜெயலலிதாவின் குரலும் அவர் கட்சியினரால் இவ்வாறே மீட்டெடுக்கப்பட்டது. அன்பினால் செய்தனர் என்று கொள்வோம். மறைந்தாரை மறவாமை தமிழர்க்கு இயல்பு. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நினைவுநாளில் பழைய ஒலிப்பதிவைக் கேட்பது அவர் சொன்னதைக் கேட்பது. இதுவோ அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது. வாழும் தலைவன் தன் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். 'அவ்வாறு யான் கூறேன்' என்று மறுக்கலாம். அத்திரையுருவம் எதனையும் மறுக்காது. மறுக்க இயலாத நாவினின்றும் வரும் பாராட்டுக்கு என்ன மதிப்பு?

மனித மனத்தின் மென்மையையும் இங்கே கருதுதல் வேண்டும். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர் 1966 ஆம் ஆண்டில் 'எலிசா' என்றொரு கணினி நிரலை வெளியிட்டார். ஒருவர் தட்டச்சிட்ட சொற்களையே சிறிது மாற்றி வினாவாகத் திருப்பித் தருவதன்றி அது பிறிதொன்றும் அறியாது. ஆயினும் அது ஆக்கப்பட்டதை நாளும் பார்த்திருந்த அவருடைய செயலாளர் அம்மையாரே, அதனோடு உரையாடத் தொடங்கிச் சிறிது நேரத்தில், தம்மைத் தனியே விட்டு அறையினின்றும் வெளியேறுமாறு அவரைக் கேட்டுக்கொண்டாராம். அது கண்டு திடுக்குற்ற வைசன்பாம், இயந்திரத்திடம் ஒப்படைக்கலாகாத பணிகள் சில உண்டென 1976 ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். தன் குறையைக் கேட்க ஒருவரும் இல்லாதபோது, கேட்பது போல் இருக்கும் எதனிடத்தும் நெஞ்சு திறந்துவிடுகின்றது. இதில் இயந்திரத்தைப் பழிப்பதனாற் பயனில்லை. கேட்க வேண்டியவர் எங்கே போயினர் என்பதே வினா.

என் வகுப்பிலே சில மாதங்களுக்கு முன்னர்க் கண்டதையும் கூறுவேன். மாணவன் ஒருவனின் தாயார், கொழுந்து பறிக்கும் தொழிலாளி, நோயுற்று இறந்தார். இரங்கற் கூட்டத்தில் மாணவத் தலைவன் ஓர் உரை படித்தான். சந்தி பிழையாது, உவமை குன்றாது அமைந்த உரை. கைப்பேசி எழுதியது என்பது கேட்டவுடன் விளங்கிற்று. எவர் தாய்க்கும் பொருந்துமாறு அது இருந்தது. அதன்பின் அடுத்த லயக்காம்பிராவில் வாழும் சிறுமி எழுந்தாள். "அத்தை விடியக் காலையில பிரட்டுக்குப் போறப்ப எங்க கதவத் தட்டி எழுப்பிட்டுத்தான் போவாங்க. இன்னைக்கு எங்கள எழுப்ப ஆளில்ல" என்று மட்டும் சொல்லி அமர்ந்தாள். அதுவரை அழாதிருந்த அம்மாணவன் அப்போதுதான் அழுதான். பேச்சுப் போட்டியில் அவளுக்குப் பரிசு கிடையாது. ஆயின் அவ்வகுப்பில் இனி எவர்க்கேனும் துன்பம் வருமாயின், யாரை நாடுவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இக்கருவிகளால் நன்மையே இல்லையோ எனின், உண்டு, பெரிதும் உண்டு. சிங்களத்தில் வரும் அரச கடிதத்தின் பொருளறியாது, அதனைக் கையிலேந்தி ஒவ்வொருவராகக் கேட்டுத் திரிந்த நம் மக்களுக்கு, மொழிபெயர்க்கும் கருவி ஒரு வரமே. மனு எழுதக் காசு கேட்பாரிடமிருந்தும் அது விடுதலை தரும். மழையையும் மண்ணையும் அளந்து ஆபத்தை முன்னறிதற்கும் கணினி உதவும். இதனை மறுப்பது பேதைமை.

ஆயினும் அறிதல் ஒன்றே போதுமா? 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. செய்தி இருந்தது; அறிக்கை இருந்தது. மாற்று நிலம் தந்து, அம்மக்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று குடியமர்த்துவார் இலர். 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பலவிடங்களில் அற்றுப்போயின. அவ்விரவுகளில் அயல்வீட்டுக் கதவைத் தட்டிய கையே எச்சரிக்கைக் கருவியாயிற்று. நுண்ணறிவு எவ்வளவு வளரினும், அறிந்ததைச் செயலாக்கும் பொறுப்பு ஒரு மனிதன் தலைமேல்தான் விழுகின்றது. பொறுப்பேற்பவன் இல்லையேல், நூறு எச்சரிக்கையும் கோப்பில் உறங்கும்.

ஆதலின் நம் தலைவர்களுக்கும், தலைமையேற்க எண்ணும் இளைஞர்க்கும் யான் கூற விழைவது இதுவே. கடிதத்தை இயந்திரம் எழுதட்டும். கணக்கை அது பார்க்கட்டும். அதனால் மிச்சமாகும் பொழுதை மக்களிடத்தே செலவிடுங்கள். அப்பொழுதையும் திரைக்கே கொடுப்பீராயின், கருவியால் வந்த ஊதியம் யாது? மேடையிற் படிக்கும் உரையை எவர் எழுதினாலும், கூட்டம் முடிந்தபின் சூழும் வினாக்களுக்கு நீங்களே நின்று விடை சொல்லுங்கள். விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, அறிந்துகொண்டு மறுபடியும் வாருங்கள். இறப்பு வீட்டுக்குச் செய்தி அனுப்பாது நேரிற் செல்லுங்கள்.

மக்களும் தம் பங்கிற்கு ஒன்று செய்தல் வேண்டும். இனி எவரேனும் மேடையேறி 'நாம்' என்று தொடங்குவாராயின், சொல்லழகில் மயங்காது, கடந்த மழைக்காலத்தில் இவர் எங்கே நின்றார் என்று கேளுங்கள். சம்பளப் பேச்சின்போதும், வீட்டுக் காணிக்கு உறுதி கேட்டு அலைந்தபோதும் இவர் உடனிருந்தாரா என்று கேளுங்கள். இருந்தவராயின் அவர் சொல் தடுமாறினும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாதவராயின், 'நீங்கள்' என்று திருத்திச் சொல்லுமாறு அவரைப் பணிவோடு வேண்டுங்கள். தமிழிலக்கணம் நமக்கு அவ்வுரிமையைத் தந்திருக்கின்றது.