முழக்கம் உண்டு, செவி உண்டா?

தம்பி!

மேடை ஏறுகிறோம், "போதை பொல்லாதது, புதைகுழி!" என்று முழங்குகிறோம், கைதட்டல் எழுகிறது, கடமை முடிந்ததென்று களிப்புடன் வீடு திரும்புகிறோம். வீட்டிலே பதினைந்து வயது மகன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான்! அவனிடம் பேசினாயா? பேசினேன் என்பாய். அறிவேன் அந்தப் பேச்சை! "எவனோடடா சுற்றுகிறாய்? தொலைத்துவிடுவேன்!" பேச்சா அது? காவல் நிலைய விசாரணை!

நாடகம் எழுதுபவன் நான். இருவர் பேசினால்தான் உரையாடல்.

முழக்கமே போதும் என்போர், செல்வம் கொழிக்கும் அமெரிக்கா கண்ட தோல்வியைக் காணட்டும். 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'டேர்' என்ற திட்டம் பிறந்தது. சீருடைக் காவலர் வகுப்பறை புகுந்து பாடம் நடத்தினர். குடியரசுத் தலைவர் ரீகனின் துணைவியார் நான்சி, "வேண்டாமென்று சொல்" என ஊர் ஊராக உரைத்தார். 1987இல் தொலைக்காட்சியிலே, சூடேறிய சட்டியில் முட்டையை உடைத்து ஊற்றி, போதையேறிய மூளை இதுதான் என்று காட்டினர். முட்டை பொரிந்தது, பகடி பிறந்தது! 2001இல் அந்நாட்டுத் தலைமை மருத்துவரின் அறிக்கையே 'டேர்' திட்டத்தைப் பயனற்றவற்றின் பட்டியலில் சேர்த்தது. 1998 முதல் 2004 வரை விளம்பர இயக்கத்துக்கு ஒதுக்கிய தொகை 120 கோடி டாலருக்கும் மேல். இளைஞரின் போதைப் பழக்கத்தை அது குறைக்கவில்லை என்று 2006இல் அரசின் தணிக்கை அமைப்பே கூறிற்று.

பனிநாடாம் ஐஸ்லாந்து வேறு வழி கண்டது. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் நூற்றுக்கு 42 பேர், முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்தவர்கள். 2016இல் 5 பேர்! பிள்ளைகளிடமே வினாத்தாள் கொடுத்து, மீண்டும் மீண்டும் கேட்டறிந்தனர். பெற்றோரைப் பிள்ளைகளுடன் பொழுது கழிக்கச் செய்தனர். விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் தந்தனர். இரவில் சிறுவர் வெளியே திரிய நேரவரம்பும் இருந்தது, மறுக்கவில்லை.

"கேட்டுக்கொண்டிருந்தால் செல்லம் கொடுத்ததாகாதா?" என்று முகம் சுளிப்பார் பெரியவர். (அவர் வாயில் புகையிலை, மகனுக்கு மட்டும் உபதேசம்!) கேட்பது இசைவதாகுமா? நண்பன் மாத்திரை நீட்டினான் என்று மகன் வாய் திறக்கிறான். உடனே கன்னத்தில் அறையா, "நீ என்ன செய்தாய்?" என்ற வினாவா? அறை விழுந்தால், அடுத்த முறை அவன் மனம் திறப்பது அந்த நண்பனிடம்தான்.

சிக்கியவனுக்குச் சிறை ஒன்றே கதி என்றும் மிரட்டாதே. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலே 64ஏ என்றொரு பிரிவு உண்டு. தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு, சிறு அளவு தொடர்பான குற்றத்தில் வழக்கிலிருந்து விலக்களிப்பது அது. எந்த மேடையில் அதைச் சொன்னோம்?

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு அழைத்திருக்கிறாய், வருகிறேன். ஒலிபெருக்கி வேண்டாம். பாய் விரி, இருபது பிள்ளைகளை அழைத்து வா. பெரியவர்கள் பின்வரிசையில் அமரட்டும், வாய் மூடி. நானும் அங்கேதான் அமர்வேன்.