தட்டின் அடியில் இல்லாத பெயர்கள்

தியானப் பகுதி: நெகேமியா 3, யாக்கோபு 5:1–6



சென்ற மாதம் காரைக்குடியில், பழம்பொருள் விற்கும் கடையொன்றில், நீலச் சித்திரத் தட்டு ஒன்றைக் கண்டேன். பாலம், இரு பறவைகள், நீர்க்கரையில் கிளை தாழ்ந்த மரம். வில்லோ சித்திரம் என்பர். நம் மாவட்டத்து ராயவரம், கடியாபட்டி முதலிய செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, கடல் கடந்து வந்த இத்தகைய பண்டங்கள் புதியவை அல்ல. இதைப் பீங்கான் என்கிறோம். உண்மையில் இது மெருகிட்ட மண்பாண்டமே.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஜோசையா ஸ்போட் என்பவர் 1784ஆம் ஆண்டளவில் இந்த நீல அச்சுமுறையைச் செம்மைப்படுத்தினார். செதுக்கிய செப்புத் தகட்டில் கோபால்ட் நீல மையைத் தேய்த்து மெல்லிய தாளில் அச்செடுப்பர். சிறுமியர் அத்தாளைக் கத்தரிப்பர். பெண்கள் அதைப் பாண்டத்தின்மேல் பதித்து அழுந்தத் தேய்ப்பர். தாளைக் கழுவியபின் சித்திரம் நிற்கும். அதன்மேல் மெருகிட்டுச் சூளையில் சுடுவர். கையால் தீட்டிய சீனப் பாண்டம் வாங்க இயலாத வீடுகளுக்கும் அழகு இவ்வாறு வந்தது. அது நன்மையே.

ஆனால் அந்த மலிவுக்கு வேறொருவர் விலை செலுத்தினர். சிறுவர் உழைப்பை ஆராய்ந்த அரசு ஆணையத்திற்காக சாமுவேல் ஸ்கிரிவன் 1841இல் அத்தொழிற்கூடங்களுக்குச் சென்றார். சிறுவர்கள் அச்சுகளைச் சுமந்து, அனல் வீசும் உலர்த்தும் அறைக்கு நாள் முழுதும் ஓடினர். ஈயம் கலந்த மெருகில் பாண்டங்களைத் தோய்த்தோரின் கைகள் முடங்கின. ஸ்கிரிவன் அப்பிள்ளைகளின் பெயரையும் வயதையும் அவர்கள் வாக்குமூலத்தோடு எழுதி வைத்தார். ஆயினும் தொழிற்சாலைச் சட்டம் இத்தொழிலை எட்ட 1864ஆம் ஆண்டு ஆயிற்று.

கடையில் அத்தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் தொழிற்கூடத்தின் முத்திரை இருந்தது. தாளைக் கத்தரித்த சிறுமியின் பெயர் இல்லை.

அப்பொழுது நம் ஆலயங்களின் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. பேராயர் பெயர் உண்டு. நன்கொடையாளர் பெயர் உண்டு. போதகராகிய என் பெயரும் உண்டு. கல் அடுக்கிய கொத்தனாரின் பெயர் இல்லை. கலவை சுமந்த சித்தாளின் பெயரும் இல்லை. வேதமோ அவ்வாறு எழுதப்படவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்யும்படி தேவன் பெசலெயேலைப் பெயர்சொல்லி அழைத்தார். நெகேமியாவின் அலங்கத்தைக் கட்டியவர்கள் ஒரு முழு அதிகாரத்தை நிரப்புகின்றனர். சல்லூமின் குமாரத்திகளும் அவர்களோடு நிற்கின்றனர்.

“கூலி கொடுத்தோமே, அது போதாதா?” என்று சிலர் வினவலாம். கூலியே முதலாவது, மறுக்கவில்லை. கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு பெயரை மட்டும் பொறித்தால் அது மாய்மாலம். யாக்கோபு கண்டிப்பதும் அந்தப் பாவத்தையே. ஆயினும் கூலியைத் தீர்த்துவிட்டு ஆளை மறந்துவிடுவதும் தேவசாயலை மறப்பதே அன்றோ?

ஆகையால் என் கருத்து இது: நம் சபையில் இனி எக்கட்டடம் எழும்பினாலும், பிரதிஷ்டை நாளுக்கு முன்பே ஒருவர் கூலியும் நிலுவையின்றித் தீர்க்கப்பட வேண்டும். அதன்பின் கல்வெட்டில் உழைத்தவர்களின் பெயர்களும் பொறிக்கப்படட்டும். இடம் போதாதெனில், முதலாவது என் பெயரை நீக்குங்கள்.

இவ்வாரம் உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரைப் பெயர்சொல்லி அழைத்து, அவருக்குரியதை அன்றே கொடுங்கள். நம்மைப் பெயர்சொல்லி அழைத்த கர்த்தர் அதற்கான இருதயத்தை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.